தனியாள் மேசையில் இரண்டு செட்டுப் பல்

பல் கட்டிக்கொள்ளப் பெரிய ஊருக்குப் போகிறேன் என்று நான் வீட்டில் சொல்லவில்லை. லாரி டயர் கழற்றுகிற லீவர் கம்பி வாங்கப் போகிறேன் என்றேன். பஞ்சர் கடையை மகன் கையில் கொடுத்து வெகுகாலமாகிறது. அவனிடம் கம்பி தேவைக்கு மேலேயே கிடக்கிறது. இருந்தும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அப்பன் சில நாள் வீட்டில் இருக்கமாட்டான் என்ற சந்தோஷத்தில் மற்றது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். என் வாயில் பல் கிடையாது. பாதி, டியூப் வால்வு மூடியைக் கடித்துத் திருகியதில் போனது. மீதி, ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவன் மாதிரி சொல்லிக்கொள்ளாமல் போனது. பல் போனதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. அதற்கப்புறம் மருமகள் செய்ததுதான் குறை. கறி, ரொட்டி, காய் எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒன்றாகப் போட்டு அடித்து, பேரனுடைய யானைப் படக் கிண்ணத்தில் ஊற்றி, அடுக்களையிலேயே உட்காரவைத்துக் கொடுப்பாள். எதை அடித்தாலும் சிமென்ட் நிறம்தான் வரும்.

போன தடவை சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்தார்கள். அவர்கள் எல்லாரும் மேசையில். நானும் நடை பழகாத பேரனும் அடுக்களையில். கிண்ணம் ஒன்றுதான். அவன் துப்பியது போக மீதி எனக்கு. சம்பந்தி எட்டிப் பார்த்து, "ஆகா, தாத்தாவுக்கும் பேரனுக்கும் என்ன ஒத்துமை!" என்று சிரித்தார். மனுஷனுக்குக் கடைவாய் வரைக்கும் பல். அத்தனையும் தெரிகிற மாதிரிதான் சிரித்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். அன்றைக்கு நான் மேசையில் உட்கார்ந்து, அவர் கண் முன்னால் கறியைக் கடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பல் டாக்டரம்மா அளவெல்லாம் முன்னமே எடுத்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை செட்டைக் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்கிட்டு எல்லாத்தையும் சாப்பிட்டுப் பாருங்க தாத்தா. வியாழக்கிழமை வந்து எங்க குத்துதுன்னு சொல்லுங்க. அங்க தேய்ச்சு விடறேன்."

"குத்தாத மாதிரி இப்பவே செஞ்சு குடுத்தா என்ன?"

"புதுச் செருப்பு கடிக்கிறதில்லையா?"

"செருப்பை நான் வாயில போட்டுக்கறதில்ல."

அவள் கோபப்படவில்லை. "கூட யார் வந்திருக்கா?"

"யாரும் வரல."

"நல்லதுதான். பழகற வரைக்கும் தெரிஞ்சவங்க முன்னாடி சாப்பிடாம இருக்கறது நல்லது. விழுந்தாலும் மானம் போகாது."

படித்தவர்கள் எப்போதாவது ஒரு உண்மை சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் சொல்லி அதைக் கெடுப்பதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன்.

லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு கண்ணாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கழிவுக் குழாய். கண்ணாடி முன்னால் நின்று பல்லைப் போட்டுப் பார்த்தேன். யாரோ கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி இருந்தது முகம். பரவாயில்லை என்று சாப்பிடக் கிளம்பினேன்.

நான் வாழ்நாளில் ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை. சாப்பாடு கடைக்கு வரும், டயர் மேல் உட்கார்ந்து சாப்பிடுவேன். முதலில் போனது விளக்கெல்லாம் மங்கலாக வைத்திருந்த ஒரு இடம். விளக்கைக் குறைத்து வைக்கிறவன் தட்டில் எதையோ மறைக்கிறான் என்பது என் எண்ணம். வாசலில் நின்றவன், "எத்தனை பேர் சார்?" என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு உனக்கு?"

"ஒருத்தர் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுக் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையைக் காட்டினான். ஜன்னலோரம் ஏழெட்டு மேசை காலி. அதைக் கேட்டால், அது ஜோடியாக வருகிறவர்களுக்கு என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் வீட்டுக்காரி பின்னாடி வர்றா" என்றேன்.

உடனே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனால் சாப்பாடு வரவில்லை. "அம்மா வரட்டும் சார்" என்று ஒருத்தன் சொன்னான். கொஞ்சம் கழித்து இன்னொருத்தன், "அம்மா எங்க வந்துக்கிட்டிருக்காங்க சார்?" என்றான். பசி காதை அடைத்தது. கடைசியில், "அவ வரமாட்டாய்யா. செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. நீ சூப்பைக் கொண்டா" என்றேன். அவன் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினான். அதற்கப்புறம் சூப் ஓடி வந்தது. ஆனால் நான் குடித்து முடிக்கும் வரை அடுக்களைக் கதவு வழியாக ஒவ்வொருத்தனாக எட்டிப் பார்த்தார்கள். எதிர் நாற்காலியையும் பார்த்தார்கள்.

இரண்டாவது போன இடத்தில் நாலு பேர் மேசையில் என்னைத் தனியாக உட்காரவைத்து, மிச்சமிருந்த மூன்று தட்டையும் ஊருக்கே கேட்கிற மாதிரி அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லைப் போட்டு ரொட்டியைக் கடித்தேன். ரொட்டியோடு மேல் செட்டும் கையில் வந்தது. எதிர் மேசைச் சின்னப் பெண், "அம்மா, அந்தத் தாத்தா வாயைக் கழட்டறார்" என்றாள். அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைதான் சரியான இடம் கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. ட்யூப்லைட் வெளிச்சம், பளிச்சென்று. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். அடுக்களைக் கதவை ஒட்டி நீளமாக ஒரு மேசை. தனியாக வருகிறவர்கள் எல்லாம் அதில்தான். காதில் பென்சில் செருகிய சர்வர் ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், என்னைப் பார்த்ததும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கையைக் காட்டிவிட்டு உள்ளே பார்த்து, "ஒத்தை இன்னொண்ணு!" என்று கத்தினார். அவ்வளவுதான் விசாரணை. அவருக்கு நான் வைத்த பெயர் பென்சில்.

அந்த மேசையின் சட்டம் என்னவென்றால், யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு எதிரில் என் வயசு ஆள் ஒருவர். பக்கத்து நாற்காலியில் குடையைச் சாத்தி வைத்திருந்தார், யாரும் வந்து உட்காராமல் இருக்க. வெளியே காய்கிற வெயில். குடைக்காரர் என்று மனசுக்குள் பெயர் வைத்தேன். பார்த்ததும் மதிப்பு வந்துவிட்டது. வணக்கம் சொல்லாத மனுஷன் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்றும் கவனித்தேன். சாப்பாடு வந்ததும் அவர் மேசைக்கு அடியில் குனிந்து, வாயில் கை வைத்து, காகிதக் கைத்துடைப்பில் எதையோ சுற்றித் தம்ளர் பக்கத்தில் வைப்பார். அப்புறம் ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து ஈறால் மென்று முடித்து, மறுபடி குனிவார். நிமிரும்போது பல்லோடு நிமிர்வார். ஊருக்காகப் பல், சாப்பிடுவதற்கு ஈறு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் புதன்கிழமை மத்தியானம் கறியில் இடது பக்கம் ஆணி அடித்த மாதிரி குத்தியபோது, நானும் அதையே செய்தேன். கழற்றினேன், சுற்றினேன், தம்ளர் பக்கம் வைத்தேன். கறியை விட்டுவிட்டு வெறும் குழம்பைக் குடித்தேன். என் கைத்துடைப்பு இந்தப் பக்கம், அவருடையது அந்தப் பக்கம். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

அப்போது யாருடைய முழங்கையோ பட்டுத் தண்ணீர் ஜாடி சாய்ந்தது. பென்சில் ஓடிவந்து, தம்ளர், உப்பு, கைத்துடைப்பு எல்லாவற்றையும் வாரித் தூக்கி, மேசையைத் துடைத்து, மறுபடி பரப்பி வைத்தார். நான் என் பக்கம் இருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஈறு எரிந்ததால் சாயங்காலம் வெறும் பால்தான். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, இது யாரோட பல்லு?"

"என்னம்மா கேள்வி இது? நீ குடுத்ததுதானே!"

"இது நான் செஞ்சதில்ல. இதுக்குப் பத்து வயசிருக்கும். கறை பாருங்க."

"ஒருவேளை நான் வேகமா தேய்ச்சிட்டேனோ?"

"மூணு நாள்லயா?"

தண்ணீர் ஜாடி ஞாபகம் வந்தது. குடைக்காரரின் பத்து வருஷத்தை ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

"புதுசா செய்யணும்னா மூணு வாரம் ஆகும்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு வேணும்."

"அப்ப போய் அவரைப் பிடிங்க."

இவ்வளவு பெரிய ஊரில் எங்கே போய்ப் பிடிப்பது? பேர் தெரியாது. இரண்டு நாளும் பேசாமல் இருந்ததற்காக அவரை மெச்சிக்கொண்டிருந்தேன். இப்போது அதையே நினைத்துத் திட்டிக்கொண்டு, கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். அந்தாளும் என்னை மாதிரி வெளியூர்க்காரனாக இருந்து, பஸ் ஏறிப் போயிருந்தால்? போனால் யானைக் கிண்ணம்தான். சாகும் வரைக்கும்.

வந்தார். குடையை நாற்காலியில் சாத்தினார். உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் குனியவில்லை. பென்சிலைக் கூப்பிட்டு, "கறி கொண்டாங்க. எலும்போட" என்றார்.

கறி வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு, மாடு அசை போடுகிற மாதிரி சுகமாக மென்றார். நான் பொட்டலத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க மெல்லறது என் பல்லு."

மேசையில் எல்லாருடைய கரண்டியும் நின்றது. அவர் மட்டும் நிறுத்தவில்லை. மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சுமா எலும்புக்கறி சொன்னீங்க?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன். என் பல்லுல கறி தின்ன முடியாது."

"யோவ், அடுத்தவன் வாயில கெடந்ததை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, உனக்கு அருவருப்பா இல்ல?"

"நல்லா கழுவினேன். நீங்க என்னோடதைக் கழுவினீங்களா?"

"நான் எதுக்குய்யா உன் பல்லைக் கழுவணும்!"

பென்சில் கையில் மூன்று தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். "அண்ணே, நாந்தான் மாத்தி வெச்சிட்டேன் போலிருக்கு. ரெண்டும் காகிதப் பொட்டலம். உள்ள ஊறுகாயா, பல்லான்னு நான் எப்படிக் கண்டேன்?"

"நீ சும்மா இரு" என்று நானும் குடைக்காரரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

குடைக்காரர் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "என் செட்டு வாய்க்குள்ள ஆடும். மென்னா டக்கு டக்குன்னு சத்தம். பெஞ்சாதி மொதல்ல சிரிச்சா. அப்புறம் திட்டினா. அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சா. நான் மெல்ல மெல்ல அவ கூட்டுவா. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான். அதுலேர்ந்து இங்கதான் சாப்பாடு. நேத்து ராத்திரி உங்க பல்லோட வீட்டுல உட்கார்ந்தேன். சத்தமே இல்ல. அவ டிவியைக் குறைச்சிட்டு, என்ன, ஆள் உயிரோட இருக்கானான்னு திரும்பிப் பார்த்தா. அப்புறம் இன்னொரு ரொட்டி வெச்சா."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. பல்லைத் திருப்பித் தராமல் இருக்க ஆயிரம் கதை சொல்லலாம். அதனால் நானும் என் கதையைச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் சொல்லாததை, பேர் தெரியாத ஆளுக்கு, பாதி ஊர் கேட்க, ஈறு வழியாகக் காற்று போகச் சொன்னேன். மிக்ஸி, அடுக்களை, சம்பந்தி சிரித்தது, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம்.

"சம்பந்தியா?" என்றார் பென்சில். "அப்ப பல்லு கட்டாயம் வேணும்."

குடைக்காரர் யோசித்தார். "கிண்ணத்துல யானை மட்டும்தானா? வேற ஏதாச்சும் இருக்கா?"

"யானைதான். குடை பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

அவர் மேசைக்கு அடியில் குனிந்தார். நிமிரும்போது கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. புதுக் கைத்துடைப்பில் சுற்றிய பல்லை என் பக்கம் தள்ளினார். நான் வைத்த அவருடைய பொட்டலத்தைத் தொடவில்லை. தட்டில் பாதிக் கறி மீதி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சுலபமாகக் கொடுத்ததில் எனக்கு மறுபடி சந்தேகம். பிரித்துப் பார்த்தேன். என்னுடையதுதான். எடுத்துக்கொண்டு போய், டாக்டரம்மாவிடம் தேய்த்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் இன்னொருத்தன் வயிற்றெரிச்சல் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் எதைப் போட்டுக் குத்தி எடுப்பது? நாளைக்கு நான் கறியைக் கடிக்கும்போதெல்லாம் அந்தப் பாதித் தட்டு கண்ணில் வந்து நிற்கும். நல்ல எண்ணமெல்லாம் இல்லை. நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"எழுந்திருய்யா" என்றேன். "டாக்டரம்மாகிட்ட போகலாம். என்னோடது உனக்குப் பொருந்துதுன்னா, அதே மாதிரி இன்னொண்ணு செய்யத் தெரியாதா அவளுக்கு?"

டாக்டரம்மா என் பல்லைக் கொதிக்க வைக்காத குறையாகக் கழுவி, குடைக்காரர் வாயில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என் வாயைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"நான் இப்படிப் பார்த்ததே இல்ல. ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"எங்கப்பா இந்த ஊருக்கு லாரி ஓட்டியிருக்கார்" என்றேன்.

"எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார் குடைக்காரர்.

"எங்கப்பா அப்படிப்பட்டவர்தான்."

டாக்டரம்மா இருமிக்கொண்டே திரும்பி நின்றாள். அச்சுக்கு என் செட்டே இருப்பதால், அதைப் பட்டறைக்கு அனுப்பி அதே மாதிரி ஒன்று சீக்கிரம் வார்க்கச் சொல்ல முடியும், இரண்டும் சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடும் என்றாள்.

"வரலேன்னா?"

"வந்துடும் தாத்தா."

"வரலேன்னா ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா நீ வந்து கறி தின்னுவியா?"

இருந்தும் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் கொடுத்தேன் என்று வாசல் தாண்டியதும் எனக்கே கோபம். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறவன் என்று பேர் வாங்கவேண்டாமே என்று நடந்தேன்.

இரண்டு நாள் தனியாள் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் சூப் குடித்தோம். அவர் பழைய செட்டைப் போட மறுத்துவிட்டார். ஒருத்தருக்கும் பல் இல்லாததால் வெட்கமும் இல்லை. பென்சில் உள்ளே பார்த்து, "ஒத்தை ரெண்டு!" என்று கத்துவார். பேசினோம் என்று சொல்ல முடியாது. சூப்பில் உப்பு அதிகம் என்பார் அவர். இல்லை என்பேன் நான். மனுஷன் எதையும் ஒத்துக்கொள்கிற ரகமில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இறங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் பல் வரவில்லை. பட்டறையில் கரண்டு இல்லை என்றார்கள். நான் டாக்டரம்மாவின் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். குடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் விட்ட இடத்திலிருந்து அவர் திட்டினார். கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, பட்டறை ஆள் ஒரு டப்பாவோடு சைக்கிளில் வந்தான். டாக்டரம்மா என்னுடையதை உட்காரவைத்து, குத்தின இடத்தை இரண்டு இழுப்பு தேய்த்தாள். குடைக்காரர் புதுசைப் போட்டு, வாயை மூடித் திறந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சத்தம் இல்லை.

பஸ் நிலையம் வரை வந்தார். ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏறும்போது மட்டும், "முன்பல்லால கடிச்சிடாதீங்க. சம்பந்தி தட்டுல போய் விழும். சின்னச் சின்னதா வெட்டி, ரெண்டு பக்கமும் சமமா வெச்சு மெல்லுங்க. அவசரப்படாதீங்க" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் அடுக்களையில் கிண்ணத்தை வைத்துவிட்டு, "மாமா, வாங்க" என்றாள். நான் போய் மேசையில் சம்பந்திக்கு எதிரில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்து காட்டினேன். மகன் தண்ணீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினான். மருமகள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய தட்டு. எல்லாருக்கும் வைத்த மாதிரியே.

"அட, சம்பந்தி! இளமை திரும்பிடுச்சே!" என்றார் அவர்.

பதில் சொல்லவில்லை. பேசினால் ஆடும். கறியைச் சின்னதாக வெட்டினேன், இரண்டு பக்கமும் வைத்தேன், மென்றேன். விழவில்லை. குத்தவும் இல்லை. கறிக்குக் கறியின் ருசி இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. அடுத்த துண்டு வெட்டினேன். சம்பந்தி முதல் இரண்டு துண்டு வரைக்கும் என் வாயையே பார்த்தார், மூன்றாவதில் அலுத்துப்போய்த் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் சாப்பிட்டு முடித்தார். மகன் முடித்தான். எல்லாரும் கை கழுவினார்கள், கூடத்தில் போய் உட்கார்ந்து கதை பேசினார்கள், சம்பந்தி குறட்டையே விட ஆரம்பித்தார். நான் பாதித் தட்டில் இருந்தேன்.

மருமகள் மேசை துடைக்கும் துணியோடு வந்து நின்றாள். "இன்னுமா மாமா? தனியா உட்கார்ந்திருக்கீங்களே. நான் வேணா கூட இருக்கட்டுமா?"

"வேண்டாம். போய் உன் வேலையைப் பாரு" என்றேன். "போறப்ப இன்னொரு துண்டு வெச்சிட்டுப் போ."